துறையூரில் வாங்கிய பல்பு!

கேரவன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் பாஸ்? ஷூட்டிங் ஸ்பாட், ஏ.சி. ஓடுற நீளமான வண்டி, உள்ளே கண்ணாடி முன்னாடி உட்கார்ந்திருக்கும் ஹீரோயின்... அதானே? எங்களுக்கு மட்டும் இனி ஜென்மத்துக்கும் பச்சைமலை இருட்டும், கருகிப்போன வயர் நாற்றமும்தான் ஞாபகம் வரும்!

முதல்ல எங்க டீமை அறிமுகப்படுத்திடறேன். ஒருத்தன் ட்ரிபிள்-ஈ ஃபைனல் இயர். டிபார்ட்மென்ட் டாப்பர். இன்னொருத்தன் விஸ்காம். சோறு இல்லாமகூட இருப்பான், கேமரா இல்லாம இருக்கமாட்டான். நான் பி.காம். மூணு பேரும் ஸ்ரீரங்கத்துப் பசங்க. பேரெல்லாம் வேண்டாம், டிபார்ட்மென்ட்டே போதும் (எல்லாம் ட்ரிபிள்-ஈயின் மானத்தைக் காப்பாத்தத்தான்!).

விஸ்காமோட மாமா ஒரு செகண்ட் ஹேண்ட் கேரவன் வேன் வாங்கியிருந்தார். வெளியே பார்த்தா சாதாரண வேன். உள்ளே ரெண்டு படுக்கை, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், கை கழுவ சிங்க், லைட், ஃபேன், இன்வெர்ட்டர். 'கிளைமேட் நல்லாருக்கு, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கடா' என்று மாமா சொன்னதும், பக்கத்துல ஏதாவது மலைக்குப் போலாம்னு முடிவாச்சு. கூடவே ஒரு அனுபவசாலி டிரைவர் அண்ணன்.

கடைசி நிமிஷத்துல இன்னொரு பயணியும் சேர்ந்தார். எங்க தாத்தா. வயசு 82.

"துறையூருக்கா போறீங்க? நானும் வர்றேன்டா."

மறுக்க முடியுமா? தாத்தா ரிட்டயர்டு கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் துறையூருக்கும் நடுவில் அவர் கிழிச்ச டிக்கெட்டை அடுக்கினா மலைக்கோட்டை உயரம் வரும். அப்போ அவங்க கம்பெனிக்குத் தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம்னு பேர். 1997-ல்தான் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்னு பேராச்சு.

ஒரே ஒரு சிக்கல். தாத்தாவுக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும். ஸ்லீப் ஆப்னியா என்கிறார் டாக்டர். ராத்திரி மூக்கில் மாஸ்க் மாட்டி, ஒரு சின்ன மெஷினை ஓடவிட்டுத்தான் தூங்கணும். அது உள்ளே காற்றைத் தள்ளிக்கிட்டே இருக்கும். "அதான் வண்டியில இன்வெர்ட்டர் இருக்கே, அது பார்த்துக்கும்" என்று ட்ரிபிள்-ஈ கேரன்ட்டி கொடுத்தான். அந்தக் கேரன்ட்டியோட கதைதான் இது!

ரைட்... போலாம் ரைட்!

வெள்ளிக்கிழமை காலை. திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறியதுமே தாத்தா பழைய ஆளாக மாறிட்டார். "டோல்கேட் எல்லாம் முன்னாடி வா!" விஸ்காம் சிரிச்சுச் சிரிச்சு கேமராவை ஆட்டிட்டான். மண்ணச்சநல்லூர் வந்ததும் ரைஸ் மில்களிலிருந்து நெல் அவிக்கும் வாசனை. பொன்னி அரிசிக்குப் பேர் போன ஊராச்சே!

அடுத்த ஸ்டாப் திருவெள்ளறை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கோயிலைவிட எங்களைக் கட்டிப் போட்டது ஊருக்குள் இருக்கும் ஸ்வஸ்திக் வடிவக் கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய 1200 வருஷத்துக்கு முன்னாடி வெட்டியது. நாலு பக்கமும் படி இறங்கி, பாதியில் வளைந்து திரும்பும். ஒரு படியில் குளிக்கிறவங்களை இன்னொரு படியில் இருக்கிறவங்களுக்குத் தெரியாது. இந்த ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கேன், இப்பத்தான் முதல் தடவை இறங்கிப் பார்க்கிறேன். "நான் அத்தனை வருஷம் இந்த ரூட்ல போயிருக்கேன், ரெண்டு தடவைதான்டா இறங்கிப் பார்த்தேன். கண்டக்டருக்கு ஊர் எல்லாம் பேர் மட்டும்தான்" என்றார் தாத்தா. சுருக்குன்னு இருந்துச்சு.

புலிவலம் தாண்டி துறையூர். திருச்சியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். வடக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை, நடுவில் ஊர். பெரம்பலூர், ஆத்தூர், நாமக்கல், முசிறி, திருச்சின்னு எல்லாப் பக்கமும் ரோடு பிரியும். அதனால் இங்கே நிற்கிற வண்டியைவிடக் கடந்து போகிற வண்டிதான் ஜாஸ்தி. கடந்து போகிற வண்டி எங்கே நின்றுபோகும்? மலை ஏறும் முன்னாடி, இல்லாட்டி இறங்கின பின்னாடி. ஊரைச் சுற்றி பஞ்சர் கடை, ரேடியேட்டர் கடை, பேட்டரி கடை, ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்னு வரிசையா இருக்கும் ரகசியம் இதுதான். போகும்போது அந்தக் கடைகளை நாங்க கண்டுக்கவே இல்லை. பரோட்டா கடையைத்தான் தேடினோம்!

டக்... டக்... இருட்டு!

சோபனபுரம் அடிவாரத்திலிருந்து பச்சைமலை ஏறினோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. 500-லிருந்து 1000 மீட்டர் வரைக்கும் உயரம். ஊட்டி மாதிரி பந்தா கிடையாது. மரவள்ளிக் கிழங்கு வயல், பலா மரம், ஓட்டு வீடு, அமைதி. டாப் செங்காட்டுப்பட்டியில் ஒரு பெட்டிக் கடைக்காரரிடம் பெர்மிஷன் கேட்டு, கடை ஓரமா வண்டியை நிறுத்தினோம்.

"நிறுத்திக்கங்க தம்பி. ஆனா கரன்ட் மட்டும் கேக்காதீங்க. மதியம் அடிச்ச காத்துல போனது, இன்னும் வரலை."

"எங்ககிட்டயே கரன்ட் இருக்குண்ணே!" என்று ட்ரிபிள்-ஈ விட்ட சவுண்டு இன்னும் என் காதுல இருக்கு.

ராத்திரி எட்டரை மணி. கதவோரம் இருந்த சுவிட்சைத் தட்டி வண்டியின் உள் லைட்டைப் போட்டோம். லைட் மினுக்கி மினுக்கி எரிஞ்சுது. ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆனதும் மொத்தமா போச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம். சீட்டுக்கு அடியில் 'டக்'னு சத்தம் வந்துச்சு. லைட் வரலை. மறுபடி 'டக்'. மறுபடி இருட்டு.

இங்கே ஒரு குட்டி கிளாஸ். கேரவனில் ரெண்டு பேட்டரி இருக்கும். ஒண்ணு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ண. இன்னொண்ணு, வீட்டு வேலைக்கு: லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர். ரெண்டாவது பேட்டரிக்கும் இந்தச் சாமான்களுக்கும் நடுவில் ஒரு ரிலே உட்கார்ந்திருக்கும். வண்டியை நிறுத்திட்டுப் போகும்போது மொத்த கரன்ட்டையும் துண்டிக்கிறதுதான் அதன் வேலை. கதவோர சுவிட்சைத் தட்டினா 'டக்'னு ஒரு தடவை சேரும், எதிர்ப் பக்கம் தட்டினா 'டக்'னு பிரியும். தட்டுகிற நேரம் தவிர மற்ற நேரத்தில் அது கரன்ட் குடிக்காது. பெரிய கரன்ட்டைச் சின்ன சுவிட்சால் ஆட்டி வைக்கிற ஏற்பாடு.

ட்ரிபிள்-ஈ மல்ட்டி மீட்டரை எடுத்தான். எல்லா சாமானையும் ஆஃப் பண்ணச் சொன்னான். பேட்டரியில் 12.5 வோல்ட். ரிலேக்கு உள்ளே போகிற பக்கம் 12.5. வெளியே வருகிற பக்கம் 12.4.

"ரிலே பக்கா. டக்னு சத்தமும் வருது, வோல்டேஜும் வருது. அதுக்கப்புறம் எங்கேயோ வயர்ல பிரச்னை. பை-பாஸ் பண்ணிடலாம் மச்சி."

ஸ்பீக்கருக்குப் போடும் ரெட்டை வயர் ஒன்று வண்டியில் கிடந்தது. ஒரு முனையை நேரா பேட்டரி பிளஸ்ஸில் சுற்றினான். இன்னொரு முனையை ரிலேக்கு அந்தப் பக்கம், எல்லா வயரும் சேரும் இடத்தில் சொருகினான். பளிச்! லைட் எரிஞ்சுது. நாங்க கை தட்டினோம். தாத்தாவோட மெஷினை மாட்டினோம், ஓடிச்சு. விஸ்காம் 'டாப்பர் டா... டாப்பர் டா...'ன்னு பாட்டே கட்டிட்டான்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு நல்ல காரியம் பண்ணினேன். தாத்தாவுக்கு வெந்நீர் வைக்க கெட்டில் சுவிட்சைப் போட்டேன்.

இன்வெர்ட்டர் 'பீ....ப்'னு கத்திச்சு. சில செகண்டில் சீட்டுக்கு அடியிலிருந்து புகை. ரப்பர் கருகுற நாற்றம். அந்த வயரோட மேல்தோல் மெழுகு மாதிரி வழிய ஆரம்பிச்சுது. நாங்க மூணு பேரும் சிலை. வெளியே நின்ன டிரைவர் அண்ணன் ஒரே தாவில் உள்ளே வந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றி, பேட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கி வெளியே வீசினார்.

"படிச்ச புள்ளைங்களாடா நீங்க? பெரியவர் மேலேயே படுத்திருக்காருடா!"

அப்போதான் பார்த்தேன். தாத்தா படுத்திருந்த படுக்கைக்கு நேர் கீழேதான் அந்தப் பேட்டரிப் பெட்டி.

ஒரு ராத்திரி, ஒரு மூச்சு

ஏன் உடனே கீழே இறங்கலைன்னு கேட்பீங்க. "இந்த இருட்டுல, ஈர ரோட்டுல மலை இறங்கமாட்டேன். பொழுது விடியட்டும்" என்றார் டிரைவர் அண்ணன். அது நியாயம்தான். இன்ஜின் பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா டேஷ்போர்டு சாக்கெட்டில் செல்போன் சார்ஜ் போடலாம், மெஷினுக்கான வயர் எங்ககிட்ட இல்லை.

"ஒரு ராத்திரி மெஷின் இல்லாட்டி நான் ஒண்ணும் போயிடமாட்டேன்டா. மெஷின் வர்றதுக்கு முன்னாடி நான் தூங்கவே இல்லையா?" தாத்தா சிரிச்சார். ரெண்டு தலையணையை முதுகுக்கு வெச்சு, சாய்ஞ்சு உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார்.

நான் தூங்கலை. குறட்டை வரும். திடீர்னு நிற்கும். அப்படி நிற்கும்போது மலையே நின்ன மாதிரி இருக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு... எண்ணுவேன். பன்னிரண்டு, பதிமூணு எண்ணும்போது ஒரு திணறலோட மறுபடி மூச்சு வரும். எனக்கும் அப்போதான் மூச்சு வரும். பக்கத்துல ட்ரிபிள்-ஈயும் தூங்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கு மெதுவா சொன்னான்: "ஏழு செமஸ்டர் மச்சி. ஒரு தடவைகூட என் கையில எந்த வயரும் சுட்டதில்ல."

இந்த நேரத்தில் யாரைக் கலாய்க்கிறது? நான் அவன் தோளில் கை போட்டேன். அவ்ளோதான்.

லோடு போட்டுப் பாரு தம்பி!

சனிக்கிழமை காலை. முதல் வேலையா துறையூர் இறங்கினோம். நேற்று கண்டுக்காமல் போன அதே கடை வரிசை. டிரைவர் அண்ணன் ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடை முன்னாடி நிறுத்தினார். கடைக்கார அண்ணனுக்கு நாற்பது வயசுக்கு மேல இருக்கும். திருச்சியில் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு, திருச்செங்கோடு பக்கம் ரிக் வண்டிகளில் வேலை பார்த்துட்டு, சொந்த ஊருக்கு வந்து கடை போட்டவர். கேரவனை இதுவரை அவர் தொட்டதே இல்லையாம்.

"உள்ள என்ன இருந்தாலும் பன்னெண்டு வோல்ட்டுதானே? வாங்க பார்ப்போம்."

ட்ரிபிள்-ஈ ராத்திரி அளந்ததை எல்லாம் ஒப்பிச்சான். 12.5, 12.4, 'டக்' சத்தம். அண்ணன் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அளக்கும்போது லோடு இருந்துச்சா?"

"இல்லண்ணே, எல்லாம் ஆஃப்."

"லோடு போடாம அளந்தா எல்லாருமே நல்லவங்கதான் தம்பி."

லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் ஆன் பண்ணச் சொன்னார். பேட்டரியில் மீட்டரை வெச்சார்: 12.4. ரிலேக்கு உள்ளே: 12.4. வெளியே: வெறும் 3 வோல்ட்! மீதி ஒன்பதும் எங்கே போச்சு? ரிலேயின் வயிற்றுக்குள்ளேயே போச்சு. உள்ளே சேர வேண்டிய ரெண்டு செம்புத் தகடும் கருகி, கரி படிஞ்சு கிடந்துச்சு. கரன்ட் போகாதப்போ மீட்டர் 12.4 காட்டும். கரன்ட் இழுத்ததும் வண்டவாளம் தெரிஞ்சுடும்.

"அப்போ டக்னு சத்தம் வந்துச்சேண்ணே?"

இதுக்கு அண்ணன் பதில் சொல்லும் முன்னாடி, டீ குடிச்சுட்டிருந்த தாத்தா முந்திக்கிட்டார். "ஏன்டா, நான் விசில் அடிச்சா பஸ் கிளம்பிடுச்சுன்னு அர்த்தமா? டிரைவர் கியர் போட வேணாமா?"

கடையே சிரிச்சுது. அவ்ளோதான் விஷயம்! 'டக்' சத்தம், ரிலேக்குள் இருக்கும் காயிலோட விசில். கரன்ட் கடத்துவது தகடோட வேலை. விசில் அடிச்சுது, வண்டி நகரலை.

தகடு ஏன் கருகிச்சு? அண்ணன் கேட்டார்: "வண்டியை விட்டு இறங்கும்போது எல்லாத்தையும் அணைச்சுட்டு இந்த சுவிட்சைத் தட்டுவீங்களா, இல்ல ஓட ஓட அப்படியே தட்டுவீங்களா?" விஸ்காம் தலையைச் சொறிஞ்சான். மாமா எப்பவும் கதவோரம் ஒரே தட்டுதான். லோடு ஓடும்போது பிரிச்சா ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு பொறி. பொறி விழ விழத் தகடு குழி விழும்.

"வீட்டு சுவிட்சை அப்படித்தானே அணைக்கிறோம்? அது கருகலையே?" நான் கேட்டேன். அண்ணன் யோசிச்சார். இப்போ ட்ரிபிள்-ஈ வாயைத் திறந்தான். "வீட்டு கரன்ட் ஏ.சி. செகண்டுக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் ரெண்டு தடவை கரன்ட் பூஜ்யத்தைத் தொடும். அந்த நேரத்துல பொறி அணைஞ்சுடும். பேட்டரி டி.சி. பூஜ்யமே வராது, பொறி இழுத்துக்கிட்டே நிக்கும்."

அண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷமா கருகிப் பார்த்திருக்கேன். ஏன்னு யாரும் சொன்னதில்ல. பரவாயில்ல தம்பி, நல்லாத்தான் படிச்சிருக்கே." நேத்து ராத்திரியிலிருந்து தொங்கிக்கிட்டிருந்த அவன் முகம் அப்போதான் நிமிர்ந்துச்சு.

வயர் எரிஞ்ச கணக்கு

அடுத்து, கருகின ஸ்பீக்கர் வயரைக் கையில் எடுத்தார். "இதுல என்ன ஓட்டினீங்க?"

"கெட்டில்ண்ணே. ஆயிரம் வாட்ஸ்."

"வாட்ஸை வோல்ட்டால வகு."

நான் பி.காம். ஆச்சே, கணக்கு நமக்குக் கைவந்த கலை! ஆயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தா 83 ஆம்பியர். இன்வெர்ட்டர் தின்னும் நஷ்டத்தையும் சேர்த்தா 90-க்குப் பக்கம். வீட்டில் அதே கெட்டில் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்கூட இழுக்காது. வோல்ட் குறைஞ்சா ஆம்பியர் எகிறும். 90 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் கட்டைவிரல் கனத்துக்கு கேபிள் வேணும். நாங்க போட்டது நூல்!

அதைவிடப் பெரிய தப்பு இன்னொண்ணு. பேட்டரியை ஒட்டி 100 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு இருந்துச்சு. ட்ரிபிள்-ஈ வயரை நேரா பேட்டரி பிளஸ்ஸில் மாட்டினதால ரிலேயோட சேர்த்து ஃபியூஸையும் தாண்டிட்டான். "ரிலேயைத் தாண்டலாம் தம்பி. ஃபியூஸைத் தாண்டக்கூடாது. டிரைவர் மட்டும் பிடுங்கலைன்னா, எரிஞ்சு முடியற வரைக்கும் நிறுத்த அங்க யாருமே இல்ல." அண்ணன் சத்தம் போடலை. சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் தாத்தாவோட படுக்கை ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைஞ்சுது.

ரிலே அவுட், லாரி சுவிட்ச் இன்!

"புது ரிலே கிடைக்குமாண்ணே?"

"இது வெளிநாட்டுச் சரக்கு. துறையூர்ல கிடைக்காது. ஆர்டர் போட்டா என்னைக்கு வருமோ? பெரியவர் ராத்திரி தூங்கணும்ல?"

ஆள் ரெண்டு வழி சொன்னார். முதல் வழி சுத்தமான பை-பாஸ்: ரிலேயின் ரெண்டு பக்கமும் இருக்கும் தடிமன் கேபிள்களைக் கழற்றி ஒரே போல்ட்டில் முறுக்கி, இன்சுலேஷன் போட்டுடறது. கரன்ட் கண்டிப்பா வரும். ஆனா துண்டிக்க வழி இருக்காது. வண்டி சும்மா நிற்கும்போதுகூட கேஸ் லீக் அலாரம், ஸ்டீரியோ மெமரின்னு சொட்டுச் சொட்டா கரன்ட் குடிச்சுக்கிட்டே இருக்கும். சில வாரத்தில் பேட்டரி காலி. "அது வீடு போய்ச் சேர்றதுக்கு மட்டும்தான். அப்படியே விட்டுட்டா பேட்டரி போயிடும்."

ரெண்டாவது வழி, லாரிகளில் போடுகிற கை கட்-ஆஃப் சுவிட்ச். சாவி மாதிரி திருப்பணும். காயிலும் கிடையாது, 'டக்' சத்தமும் கிடையாது. ரெண்டு கனத்த போல்ட், நடுவில் ஒரு செம்புக் கட்டை. கரூரில் பஸ் பாடியும், நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு இதெல்லாம் வெல்லக் கட்டி மாதிரி. நாலு கடை தள்ளி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைச்சுது.

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி டப்பாவில் போட்டார். பேட்டரிப் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டார். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பொறி பட்டா வெடிக்கும். பிறகு முதலில் மைனஸைக் கழற்றினார். ஏன் மைனஸ்? வண்டி பாடி முழுக்க மைனஸ்தான். பிளஸ்ஸை முதலில் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டா நேரா ஷார்ட். மைனஸைக் கழற்றிட்டா பயமில்லை. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி.

ரிலேயைக் கழற்றினார். அதே கேபிள், அதே ஃபியூஸ், நடுவில் புது சுவிட்ச். ரிலே காயிலுக்கு வந்த சின்ன வயர்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா டேப் சுற்றினார். ஒரு கேபிளின் நுனி லக் தளர்ந்திருந்துச்சு. அதை ட்ரிபிள்-ஈ கையில் கொடுத்து, "நீ கிரிம்ப் பண்ணு தம்பி" என்றார். அவன் பண்ணினதை இழுத்துப் பார்த்தார். கழன்று வந்துச்சு. மறுபடி. மறுபடி கழன்றுச்சு. மூணாவது தடவை நின்னுச்சு. ஏழு செமஸ்டரில் வராத சிரிப்பு பையன் மூஞ்சியில்!

கடைசியில் டெஸ்ட். லோடு எல்லாம் ஆன், கெட்டில் உட்பட. சுவிட்சின் ரெண்டு போல்ட்டிலும் மீட்டரோட ரெண்டு முனையை வெச்சார். 0.06 வோல்ட். "இங்க எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. 0.2 தாண்டினா சந்தேகப்படு." கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அந்த வெந்நீரில்தான் எல்லாருக்கும் காபி!

கூலி 500 ரூபாய் வாங்கினார். கருகின ரிலேயை ட்ரிபிள்-ஈ நினைவுச் சின்னமா கேட்டு வாங்கிக்கிட்டான். அது இப்போ ஹாஸ்டல் மேஜையில், ரேங்க் ஷீல்டுக்குப் பக்கத்துல இருக்கு.

பெருமாள்மலை ராத்திரி

சாயங்காலம் பெருமாள்மலைக்குப் போனோம். துறையூரிலிருந்து பெரம்பலூர் ரோட்டில் சில கிலோமீட்டர்தான். மேலே பிரசன்ன வெங்கடாஜலபதி. 'தென் திருப்பதி'ன்னு ஊர்க்காரங்க செல்லமா சொல்வாங்க. படிக்கட்டும் உண்டு, வண்டி ஏற ரோடும் உண்டு. தாத்தாவுக்காக ரோடு வழி. மேலேயிருந்து பார்த்தா சுற்றிலும் வயல், ஏரி, தூரத்துல நேத்து நாங்க முழிச்சுக் கிடந்த பச்சைமலை. தாத்தா ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துட்டிருந்தார். பஸ் ஒண்ணு எறும்பு மாதிரி ஊர்ந்து போச்சு.

"மேலேர்ந்து பார்த்தா நம்ம ரூட்டு எவ்ளோ சின்னதுடா!"

ராத்திரி அடிவாரத்தில் வண்டி. ஃபிரிட்ஜை, இன்வெர்ட்டரை எல்லாம் ஆஃப் பண்ணிட்டுத்தான் விஸ்காம் அந்தச் சுவிட்சைத் திருப்பினான். அப்புறம் ஒவ்வொண்ணா ஆன். மெஷின் 'உஸ்ஸ்'னு மெல்ல ஓட ஆரம்பிச்சுது. தாத்தா மாஸ்க்கை மாட்டிக்கிட்டுப் படுத்தார். பழக்க தோஷம், நான் எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு... மூணு வர்றதுக்குள்ள மூச்சு வந்துச்சு. அடுத்ததும் வந்துச்சு. எத்தனை வரைக்கும் எண்ணினேன்னு தெரியலை, தூங்கிட்டேன்.

ஊர் திரும்பினதும் மாமா புது ரிலே வாங்கினார். ஆனா இன்னும் மாட்டலை. அது டப்பாவிலேயே இருக்கு. "இது கையில திருப்பறதுதானே, எங்க போனாலும் ரிப்பேர் பண்ண ஆள் இருக்கும்" என்கிறார். 2021-ல் கேரளா கேரவன் டூரிஸத்துக்குத் தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு. நம்ம பக்கமும் இந்த வண்டிகள் பெருகலாம். அப்போ வழியில் நின்னுபோனா எங்கே போறதுன்னு கேட்டா, நான் துறையூருக்கு வழி சொல்வேன்!

உங்க வண்டியிலும் இப்படி ஆனா...

* 'டக்' சத்தத்தை நம்பாதீங்க. லோடு போட்டு, ரிலேயின் ரெண்டு பக்கமும் வோல்ட் பாருங்க. ஒரு பக்கம் 12, மறு பக்கம் ரொம்பக் கம்மின்னா உள்ளே கருகியிருக்கு.

* சத்தமே வரலைன்னா உடனே ரிலேயைக் குறை சொல்லாதீங்க. சின்ன ஃபியூஸ், சுவிட்ச், பேட்டரி சார்ஜ் மூணையும் முதல்ல பாருங்க. பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தாலும் ரிலே இழுக்காது.

* ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6-க்கு மேல இருந்தா ஃபுல். 12.2-ன்னா பாதி. 12-க்குக் கீழே போனா சீக்கிரம் சார்ஜ் போடுங்க, இல்லேன்னா ஆயுசு குறையும்.

* பை-பாஸ் பண்ணியே ஆகணும்னா, பழைய கேபிள் கனத்துக்குக் குறையாத கேபிள், ஃபியூஸுக்கு அந்தப் பக்கம். வேற எதுவும் வேண்டாம். கையில் பழக்கம் இல்லைன்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க.

* எல்லா லோடையும் அணைச்ச பிறகுதான் மெயின் சுவிட்ச். இன்ஜின் ஓடும்போது அதைத் தொடாதீங்க.

* மெஷின் உதவியோட தூங்குறவங்க கூட வந்தா, ரெண்டாவது வழி ஒண்ணு கையில் இருக்கணும்: தனி பேட்டரியோ, டேஷ்போர்டு சாக்கெட்டுக்கான வயரோ. இது நாங்க ஒரு ராத்திரி முழிச்சிருந்து கத்துக்கிட்டது!

எப்படிப் போவது?

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூருக்கு நிறைய பஸ் உண்டு. வழியில் திருவெள்ளறையில் கட்டாயம் இறங்குங்க. பச்சைமலைக்கு துறையூரிலிருந்து சோபனபுரம் வழி. மலையில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைக்காது, வீட்டில் சொல்லிட்டுக் கிளம்புங்க. கெட்டில் மட்டும் வேண்டாம் ப்ளீஸ்... ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துட்டுப் போங்க!